பாடம்: அரசாணிப் பனீர் உருண்டை - சுடவும் கற்போம், விலை போடவும் கற்போம்



கொமரலிங்கத்தில் ஒரு குழுக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேனில் செக்கிங் வேலைக்குப் போய்வரும் ஒரு உறுப்பினர் கேட்டார்: "சின்னப் பிள்ளைங்க சட்டையில பல்லைக் காட்டுற அரசாணிக்காய் படம் அச்சடிச்சு வருதுங்களே, வெளிநாட்டுக்காரங்களும் திருஷ்டி கழிப்பாங்களா?" எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் நல்ல கேள்விதான்.

அது ஹாலோவீன் என்ற பண்டிகை. அக்டோபர் 31 இரவு கொண்டாடுவார்கள். மறுநாள் நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்கு எல்லாப் புனிதர்களின் திருநாள். அயர்லாந்து நாட்டில் முன்பு டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள், அங்கே தாராளமாகக் கிடைத்த அரசாணிக்காயைக் குடைய ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். விருந்துக்கு வருபவர்களுக்கு சீஸ் வைத்து அடுப்பில் சுட்ட சின்னச் சின்னப் பலகாரம் கொடுப்பார்கள்.

நமக்கு அந்தப் பண்டிகை வேண்டியதில்லை. அந்தப் பலகாரத்தை நம்ம பாலிலும் நம்ம அரசாணிக்காயிலும் செய்யலாமே என்று தோன்றியது. தீபாவளி, கார்த்திகை, பொங்கல் என்று வரிசையாக நோன்பி வரும்போது இனிப்போடு ஒரு கார பலகாரமும் வேண்டுமே. எண்ணெயில் பொரிக்கும் வேலையும் இதில் இல்லை.

முதலில் பனீர்

கடையில் விற்கும் சீஸ் சூட்டில் உருகும். எலுமிச்சை விட்டுத் திரிக்கும் பனீர் உருகாது, வடிவம் மாறாது. அதனால் உள்ளே வைத்துச் சுட வசதி.

1 லிட்டர் புதுப் பாலைப் பொங்கக் காய்ச்சி இறக்குங்கள். 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெதுவாகக் கிளறுங்கள். பால் திரிந்து, தண்ணீர் லேசான பச்சை நிறத்தில் தெளிந்ததும் நிறுத்திவிடுங்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, அரை மணி நேரம் கட்டித் தொங்க விடுங்கள். பசும்பாலில் சுமார் 150 முதல் 180 கிராம் வரை கிடைக்கும். எருமைப் பாலில் இன்னும் கூடுதலாக வரும். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், மாவு பிசைய உதவும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தானாகக் கெட்டுத் திரிந்த பால் பனீர் ஆகாது. "வீணாப் போகுதே" என்று அதை எடுத்தால் சாப்பிடுகிறவர்கள் வயிறு கெடும், குழுவின் பேரும் கெடும். மாட்டுக்கு ஊசி மருந்து போட்டிருந்தால் கால்நடை மருத்துவர் சொன்ன நாள் வரை அந்தப் பாலும் வேண்டாம்.

தேவையான பொருட்கள் (14 உருண்டைக்கு)

கோதுமை மாவு 200 கிராம்
தோல் சீவி ஆவியில் வேகவைத்து மசித்த அரசாணிக்காய் 100 கிராம்
நெய் 3 மேசைக்கரண்டி
பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன்
உதிர்த்த பனீர் 150 கிராம்
சின்ன வெங்காயம் 6, பச்சை மிளகாய் 2
மிளகுத் தூள் அரை டீஸ்பூன், கொத்தமல்லித் தழை, உப்பு

செய்முறை

1. மாவு, உப்பு, பேக்கிங் பவுடர், நெய் கலந்து விரலால் பிசிறுங்கள். மசித்த அரசாணியைச் சேர்த்துப் பிசையுங்கள். தேவைப்பட்டால் மட்டும் பனீர்த் தண்ணீர் தெளியுங்கள். 15 நிமிடம் மூடி வையுங்கள்.
2. வெங்காயம், மிளகாயைப் பொடியாக நறுக்கி ஒரு சொட்டு எண்ணெயில் வதக்கி ஆறவிட்டு, பனீர், மிளகு, தழை, உப்போடு கலக்குங்கள்.
3. எலுமிச்சை அளவு மாவை எடுத்துத் தட்டி, ஒரு ஸ்பூன் பூரணம் வைத்துக் கொழுக்கட்டை மாதிரி மூடுங்கள். மேலே லேசாக அமுக்கி, கத்தி முதுகால் ஐந்தாறு கோடு போட்டால் குட்டி அரசாணிக்காய் தயார். நடுவில் ஒரு மிளகாய்க் காம்பு செருகுங்கள், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். சாப்பிடும்போது காம்பை எடுத்துவிடச் சொல்லுங்கள்.
4. அடி கனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, மிதமான தீயில் 10 நிமிடம் சூடாக்குங்கள். நெய் தடவிய தட்டில் உருண்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, உள்ளே வைத்து மூடி, தீயைக் குறைத்து 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். அடிப்பக்கம் சிவந்தால் வெந்துவிட்டது. குக்கரில் செய்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். அந்த உப்பை அடுத்த முறை சுடுவதற்கே வைத்துக்கொள்ளுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

செய்த அன்றே சாப்பிட வேண்டும், அன்றே விற்க வேண்டும்.

இப்போது கணக்கு

ஒரு தீபாவளிக்கு நாங்களும் ஒரு குழுவும் சேர்ந்து பலகார ஆர்டர் எடுத்தோம். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. எல்லாம் விற்றும் பிரித்துக்கொள்ளக் கையில் ஒன்றும் நிற்கவில்லை. மாவு, எண்ணெய்க்கு எழுதிய நாங்கள் கேஸுக்கும் கூலிக்கும் எழுதவே இல்லை. தப்பு எங்களுடையதுதான். சமூகப் பணி படித்த எங்களுக்கே அது அப்போதுதான் உறைத்தது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பால் 50 ரூபாய், மாவு 12, நெய் 30, காய் மற்றும் சில்லறைச் சாமான் 15, கேஸ் 15, பாக்கெட் 14. மொத்தம் 136 ரூபாய். 2 மணி நேரக் கூலி, மணிக்கு 50 வீதம் 100. ஆக 236 ரூபாய். 14 உருண்டைக்குப் பிரித்தால் ஒன்றின் அடக்க விலை சுமார் 17 ரூபாய்.

"பக்கத்து வீடுதானே" என்று 10 ரூபாய்க்குக் கொடுத்தால் 140 ரூபாய் வரும். சாமான் போக மிச்சம் 4 ரூபாய். இரண்டு மணி நேர உழைப்புக்கு 4 ரூபாய்! 20 ரூபாய்க்கு விற்றால் 280 வரும். கூலியும் கிடைத்து, குழுவுக்கு 44 ரூபாய் நிற்கும். 28 உருண்டையை 3 மணி நேரத்தில் முடித்தால் சாமான் 272, கூலி 150, அடக்க விலை சுமார் 15 ரூபாயாக இறங்கும். சேர்ந்து செய்வதன் லாபம் இதுதாங்க.

கம்பெனியில் ஒரு மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் காசு கேட்கிறோம். நம்ம அடுப்படியில் பார்க்கும் வேலையை மட்டும் ஏன் சும்மா விடுகிறோம்?

விற்பனைக்குச் செய்யும் குழுக்கள் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்த மலிவுப் பொருளை வாங்கி வைத்துவிட்டு பனீர் என்று சொல்லி விற்கக் கூடாது.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் குழு கடைசியாகச் செய்து விற்ற பொருளுக்குக் கூலியை எழுதினோமா?
2. நம்மில் யார் வீட்டில் எந்த மாதம் பால் மிஞ்சுகிறது?
3. வரும் நோன்பிக்கு ஒரு முறை செய்து, எடை பார்த்து, நேரம் பார்த்து நோட்டில் எழுதப்போவது யார்?

முதல் தடவை வீட்டுக்குச் செய்யுங்கள். இரண்டாவது தடவை கணக்கோடு செய்யுங்கள். மூன்றாவது தடவைதான் ஆர்டர். செய்து பார்த்துவிட்டு அந்த நோட்டை எடுத்து வாங்க, சேர்ந்து பார்ப்போம்.