ஊட்டிக் கிழங்கும் ஆண்டிஸ் மலைப் புழுவும்

மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். மெஸ்ஸில் உருளைக்கிழங்கு வறுவல் போடுகிற அன்று எந்தப் பிரிவு மாணவனாவது லேட்டாக வந்திருக்கிறானா?

உருளைக்கிழங்கின் தாய்வீடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. பெரு, பொலிவியா நாடுகளின் மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டுக் கிழங்கைப் பயிராக்கினார்கள். அது ஐரோப்பா போய், அங்கிருந்து ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், நீலகிரிக்கு ஏறியது.

கிழங்குக்குப் பின்னாலேயே அதன் எதிரியும் வந்து சேர்ந்துவிட்டான். அவனுக்கும் ஊர் ஆண்டிஸ்தான்! முட்டைக்கூடு நூற்புழு என்று பெயர். 1961-ல் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி இதை உதகைப் பகுதி நிலத்தில் கண்டுபிடித்தார். பெண் புழு செத்ததும் அதன் உடம்பே குண்டூசித் தலையை விடச் சிறிய கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள். 20 வருஷம் ஆனாலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். கிழங்குச் செடியின் வேர் கசிகிற வாசனை பட்டால்தான் பொரிந்து வெளியே வரும். கூட்டுக்குள் மருந்தும் சுலபத்தில் போகாது. விவசாயி என்னதான் செய்வார், பாவம்!

விடை கிடைத்ததும் அதே மலையில்தான். ஆண்டிஸில் 'சொலானம் வெர்னி' என்று ஒரு காட்டு உருளை உண்டு. நம்ம ஊர்க் கிழங்கு மாதிரி வாங்கிச் சமைக்கிற சரக்கல்ல அது. ஆனால் அதன் வேருக்குள் புழு நுழைந்தால் சரியாகச் சாப்பாடு கிடைக்காது. பெண் புழுவாக வளர முடியாமல் பட்டினி கிடந்தே சாகும். இதில் வேடிக்கை என்னவென்றால், வேர் வாசனை முட்டையைப் பொரிக்க மட்டும் வைத்துவிடும். கூப்பிட்டு வைத்துப் பட்டினி போடுகிற கதை!

இந்தக் குணத்தை நல்ல கிழங்குக்குக் கொண்டுவருவது லேசான வேலையில்லை. நாம் சாப்பிடும் ரகத்துக்கு 48 குரோமோசோம், வெர்னிக்கு 24. அதைச் சரிக்கட்டிக் கலப்பு செய்தாலும், முதல் தலைமுறையில் காட்டின் பங்கு பாதி இருக்கும். நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பச் சேர்த்தால் சராசரியாக 25, 12.5, 6.25 சதவீதம் என்று குறையும். ஒவ்வொரு முறையும் புழு உள்ள மண்ணில் நட்டுப் பார்த்து, தாக்குப்பிடித்த செடியை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு ரகம் வர வருஷக்கணக்காகிவிடும். வெர்னி வழியில் வந்த கிழங்கையும் நீலகிரிக்காரர்களுக்குப் பழக்கமான குஃப்ரி ஜோதியையும் சேர்த்து உருவாக்கியதுதான் குஃப்ரி ஸ்வர்ணா. 1985-ல் வெளியிட்டார்கள்.

அத்தோடு கதை முடிந்ததா? இல்லை. இந்தப் புழுவில் இரண்டு இனம் உண்டு. இரண்டுமே நீலகிரியில் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1966-ல் வந்த மாரிஸ் பைப்பர் ரகத்திலுள்ள எச்-1 என்ற ஜீன் ஒரு இனத்தைத்தான் தடுத்தது. அந்த ரகத்தையே எல்லோரும் நட்டதும் மற்ற இனம் பெருகிவிட்டது. வெர்னி வழி எதிர்ப்பு ஒரே ஜீனை நம்பியதல்ல. இரண்டு இனத்துக்கும் எதிராக வேலை செய்யும். அதனால்தான் பெருவின் லிமா நகரிலுள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில் ஆண்டிஸ் விவசாயிகளின் நாட்டு ரகங்கள் ஆயிரக்கணக்கில், காட்டு இனங்களோடு, பத்திரமாகக் காக்கப்படுகின்றன. அடுத்த புழுவுக்கு எந்த மலைச்சரிவுச் செடி பதில் வைத்திருக்கிறதோ!