பேருந்தில் பிள்ளைக்குப் பசித்தால்…

“நாலு பேர் முன்னால பால் கொடுக்கக் கூடாது, போலீஸ் கேஸ் ஆயிடும்.”

இதைச் சொல்லியே பிள்ளை பெற்றவளை மாதக்கணக்கில் வீட்டோடு இருத்திவிடுகிறார்கள். பொது இடத்தில் பாலூட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை. பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் வெளியிட்ட மலையாள இதழ் ‘கிருஹலட்சுமி’ மீது 2018இல் வழக்கு வந்தபோது, அதில் ஆபாசம் இல்லை என்றது கேரள உயர் நீதிமன்றம். பொது இடத்திலும் வேலையிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று 2025இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

“யார் கண்ணாவது பட்டா பால் வத்திடும்.”

பார்வை பட்டுப் பால் வற்றாது. பிள்ளை சப்பிக் குடிக்கக் குடிக்கத்தான் அடுத்த பால் ஊறும். ஆனாலும் இதைச் சொன்ன பாட்டிமார்களை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஊறிய பாலைக் காம்புக்கு இறக்குவது ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன். பயமும் கூச்சமும் பதற்றமும் அதைத் தடுக்கும். ஒருவன் வெறித்துப் பார்க்கும்போது பால் இறங்காமல் பிள்ளை வீறிடுவது இதனால்தான். பால் உள்ளேதான் இருக்கிறது. இடம் மாறி உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் இறங்கும். பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். ‘வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கலாம்’ என்று அடிக்கடி தள்ளிப்போட்டால் பால் கட்டிக்கொண்டு வலியும் காய்ச்சலும் வரலாம்; சுரப்பும் மெல்லக் குறையும். நான் அஞ்சுவது இந்தத் தள்ளிப்போடலைத்தான்.

“வெயில்ல அலைஞ்சுட்டு வந்து கொடுத்தா சூட்டுப் பால், பிள்ளைக்கு ஆகாது.”

மார்பில் இருக்கும் பால் வெயிலில் கெடுவதில்லை. கெடுவது பாட்டிலில் எடுத்துப்போகும் பால்தான். பீய்ச்சி வைத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். மே மாதப் பேருந்துக்குள் அந்தக் கணக்கை நம்ப வேண்டாம். பிள்ளைக்குத் தாகமாக இருக்குமே என்று ஒரு வாய் தண்ணீரும் கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்; முதல் 6 மாதத்துக்கு அதுவே போதும்.

“முந்தானையால முழுசா மூடிக்கோ.”

மூடுவதும் மூடாததும் தாயின் விருப்பம். மூடினால் மெல்லிய பருத்தித் துணியாக இருக்கட்டும். பிள்ளையின் மூக்கும் முகமும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஓடும் பேருந்தில் படிக்கட்டை ஒட்டிய இருக்கையைத் தவிர்த்து, பிள்ளையின் தலையையும் கழுத்தையும் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கண் அசந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் எழுப்பச் சொல்லுங்கள். காரில் போனால் ஓரமாக நிறுத்திவிட்டுக் கொடுப்பதே நல்லது.

“அதுக்குத்தான் பஸ் ஸ்டாண்டுல ரூம் கட்டியிருக்காங்களே.”

2015 முதல் தமிழகப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன, நல்ல ஏற்பாடு. ஆனால் அது வசதி, கட்டாயம் இல்லை. பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். சாவி வரும்வரை பிள்ளை பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை, பெஞ்சிலேயே கொடுக்கலாம். கழிப்பறைக்குள் மட்டும் போகாதீர்கள்.

“எவனாவது போட்டோ எடுத்துட்டா நாம என்ன பண்ண முடியும்?”

இந்தப் பயம் நியாயமானது. கையில் சட்டமும் இருக்கிறது. பெண்ணின் மார்பை அவள் சம்மதமின்றி, அந்தரங்கத்தை மீறும் வகையில் படம் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது இடத்தில்தானே எடுத்தேன் என்பது மட்டும் அவனைக் காப்பாற்றாது. பெண்ணை அவமதிக்கும் நோக்கில் பேசுவதும் சைகை காட்டுவதும் பாரதிய நியாய சன்ஹிதா 79ஆம் பிரிவில் வரும். உடனே நடத்துநரிடம் உரக்கச் சொல்லுங்கள். 112 அல்லது பெண்கள் உதவி எண் 181, ரயிலில் என்றால் 139. பக்கத்து இருக்கைக்காரர்களே, அந்தத் தொலைபேசியைக் கீழே இறக்கச் சொல்ல வேண்டியவர்கள் முதலில் நீங்கள்தான். தாயின் இரண்டு கையிலும் பிள்ளை இருக்கிறது.