இன்டர் முடிந்த வீட்டில் ஜூன் மாதம்

அக்னி நட்சத்திரம் கழிந்தும் வெயில் குறையவில்லை. காளங்கி ஆற்றில் மணல்தான் தெரிகிறது. மார்ச்சில் ஹால் டிக்கெட்டைச் செங்காளம்மா கோயிலில் வைத்துக் கும்பிட்டுப் போன பிள்ளைகள், இப்போது கையில் ரேங்க் கார்டோடு நிற்கிறார்கள். சூளூர்பேட்டையில் இன்டர் (பிளஸ் டூ) முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் இந்த ஒரு மாதம் போன் ஓயாது. கல்லூரிகளின் பி.ஆர்.ஓ.க்கள் பேசுவார்கள், மாமா பேசுவார், பக்கத்து வீட்டுப் பையன் எங்கே சேர்ந்தான் என்று தகவல் வரும். எதற்கும் இன்றைக்கே பதில் சொல்லாதீர்கள். கோர்ஸைப் பற்றி யோசிக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அது சான்றிதழ் வேலை. நம்முடையது எல்லை ஊர். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, வேலைக்குப் போக சென்னை ரயில் என்று வாழ்கிறோம். ஆனால் கல்லூரிச் சேர்க்கை எல்லைக்கோட்டைப் பார்த்துத்தான் நடக்கிறது. அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின்படி ஆந்திரத்தில் 85 சதவீத இடங்கள் ‘லோக்கல்’ மாணவர்களுக்கு. நம் ஊர் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தபோதும், 2022இல் திருப்பதி மாவட்டத்துக்கு வந்த பிறகும், ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதியில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியின் லோக்கல் என்று எழுதிக்கொள்ள, இன்டர் பரீட்சையோடு முடியும் தொடர்ச்சியான 4 ஆண்டுகளும் இந்தப் பகுதிக்குள் படித்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. ஒன்பதாவதிலிருந்து இன்டர் இரண்டாம் ஆண்டு வரை எங்கெங்கே படித்தீர்களோ அத்தனை இடத்திலும் ஸ்டடி சர்டிஃபிகேட் வாங்குங்கள். பள்ளி மூடப்பட்டிருந்தால் மண்டல கல்வி அலுவலகத்தில் இப்போதே கேளுங்கள். கவுன்சலிங் தொடங்கிய பிறகு அங்கே வரிசை தெருவரைக்கும் நிற்கும்.

நல்ல படிப்பு வேண்டுமென்று பிள்ளையைப் பத்தாவதுக்குப் பிறகு சென்னையில் உறவினர் வீட்டில் விட்டு, அங்கேயே பிளஸ் டூ முடிக்க வைத்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் நிலைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே 4 ஆண்டுக் கணக்கு உடைந்துவிட்டது. பெற்றோர் ஆந்திரத்தில் 10 ஆண்டு குடியிருந்ததைக் காட்டி மிச்சமுள்ள 15 சதவீதத்தில் போட்டியிடலாம், அவ்வளவே. தமிழ்நாட்டு என்ஜினியரிங் கவுன்சலிங்குக்கோ எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருக்க வேண்டும், அல்லது தமிழ்நாட்டுப் பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும். இரண்டே ஆண்டு அங்கே படித்த பிள்ளைக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். சாதிச் சான்றிதழும் அப்படியே. நம் எம்.ஆர்.ஓ. (தாசில்தார்) ஆபீஸ் கொடுத்த சான்றிதழ் ஆந்திர இடஒதுக்கீட்டுக்குச் செல்லும். தமிழ்நாட்டு இடஒதுக்கீட்டில் அதே பிள்ளை பொதுப் பிரிவு. இந்த ஆண்டு பத்தாவது முடித்த பிள்ளையைச் சென்னைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், இதை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கட்டண விஷயமும் எல்லையோடு சேர்ந்ததுதான். ஆந்திர அரசின் கட்டண உதவி, வருமான வரம்புக்குள் வரும் குடும்பத்துப் பிள்ளை அரசு கவுன்சலிங் வழியாக, கன்வீனர் கோட்டாவில் சேர்ந்தால் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரியில் சேரும் பிள்ளையின் செலவு முழுக்க வீட்டின் தலையில் விழும். வருமானச் சான்றிதழுக்கு வார்டு சச்சிவாலயத்தில் இந்த வாரமே மனுக் கொடுங்கள்.

இனி படிப்புக்கு வருகிறேன்.

ராக்கெட் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் ஊரில் வளர்ந்த பிள்ளைகள் நம்முடையவர்கள். மொட்டை மாடியில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்த பிள்ளை, பதினேழு வயதில் “எனக்கு ஏரோஸ்பேஸ்தான் வேணும்” என்கிறது. அந்த ஆசையை நான் மனதார மதிக்கிறேன். மதிப்பதால்தான் சொல்கிறேன்: ஏரோஸ்பேஸ் என்று பெயர் போட்ட எந்தக் கல்லூரியிலாவது பணம் கட்டிச் சேர்ந்தால் ஸ்ரீஹரிகோட்டா கேட் திறந்துவிடாது.

1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட் கிளம்பிய காலத்திலிருந்து ஸ்ரீஹரிகோட்டாத் தீவுக்குள் நடக்கும் வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். திட எரிபொருளைக் கலந்து வார்க்கிற ஆலை இருக்கிறது. அது கெமிக்கல், மெக்கானிக்கல் ஆட்களின் இடம். ராக்கெட்டை அடுக்கி நிறுத்துவது மெக்கானிக்கல். போகிற ராக்கெட்டை ரேடாரில் பின்தொடர்வதும் அது அனுப்பும் தகவலை வாங்குவதும் எலக்ட்ரானிக்ஸ். மின்சாரம், குளிர்சாதனம், கட்டடம், பாதுகாப்பு, புயல் மழை பார்க்கும் வானிலைப் பிரிவு எல்லாம் உள்ளே உண்டு. இஸ்ரோ விஞ்ஞானி/பொறியாளர் பணிக்கு நடத்தும் பொதுத் தேர்வுகள் பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்கே அறிவிக்கப்படுகின்றன. டிப்ளமாவில் முதல் வகுப்பு வாங்கியவருக்கு டெக்னிக்கல் அசிஸ்டன்ட், வேதியியல், இயற்பியல் பி.எஸ்சி.யில் முதல் வகுப்பு வாங்கியவருக்கு சயன்டிஃபிக் அசிஸ்டன்ட், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு டெக்னீஷியன் என்று பணிகள் வருகின்றன. எல்லாவற்றுக்கும் இந்தியா முழுவதும் போட்டி. உள்ளூர்ப் பிள்ளை என்று தனிச் சலுகை எதிர்பார்க்காதீர்கள்.

விண்வெளியையே படிக்க வேண்டும் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு நேர் வழி ஒன்று உண்டு: 2007இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். அதற்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் மெக்கானிக்கல் அல்லது ஈ.சி.ஈ. எடுங்கள். ராக்கெட் கிடைக்காவிட்டாலும் அந்த அடிப்படைப் படிப்புகள் சோறு போடும். ஸ்ரீசிட்டியில் மெட்ரோ ரயில் பெட்டி செய்கிறார்கள், வண்டி செய்கிறார்கள், ஏ.சி. செய்கிறார்கள். கலாம் ஐயாவை உதாரணம் காட்டும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இது: அவர் முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். அதை முடித்த பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்குப் போனார்.

ரேங்க் எவ்வளவாக இருந்தாலும் சி.எஸ்.ஈ.தான் என்று அடம்பிடிக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. கணக்கில் ஒரு புதிர் கொடுத்தால் அதை விடாமல் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டும் பிள்ளையா உங்கள் பிள்ளை? ஆமென்றால் தாராளமாகச் சேருங்கள். இல்லையென்றால், ஆசிரியரே இல்லாத கல்லூரியின் சி.எஸ்.ஈ.யைவிட நன்றாக நடக்கும் கல்லூரியின் ஈ.ஈ.ஈ. மேல் என்று நான் நினைக்கிறேன். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது பிரின்சிபால் அறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். பிற்பகல் 2 மணிக்கு லேபுக்குப் போங்கள். கருவிகள் மேல் தூசி இருக்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கேன்டீனில் மூன்றாம் ஆண்டு மாணவர் இருவரிடம், எத்தனை பேருக்கு பேக்லாக் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த அரை மணி நேரம் எந்த விளம்பரத்தையும்விட அதிகம் சொல்லும்.

இன்டரில் உயிரியல் எடுத்த பைபிசி பிள்ளைகள் நீட் முடிவு பார்த்து மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் நேரம் இது. ஒரு மதிப்பெண்ணுக்காக வாழ்க்கையையே ஓராண்டு நிறுத்தி வைக்கும் முன் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். பழவேற்காடு ஏரி நம் வாசலில் கிடக்கிறது. நெல்லூர் கடற்கரை முழுக்க இறால் குட்டைகள். அந்தக் குட்டையில் நோய் வந்தால் என்ன செய்வது என்று முறையாகப் படித்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? முத்துக்கூரில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அப்பால் பொன்னேரியிலும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது தமிழ்நாட்டு விதிகளின்படி. திருப்பதியில் வேளாண் கல்லூரி 1961 முதல் நடக்கிறது. மீன்வளத்தையும் வேளாண்மையையும் 4 ஆண்டு தொழிற்படிப்பாக எண்ணுங்கள். வயலிலும் குட்டையிலும் இறங்கிப் பாடம் நடக்கும். சேற்றுக்குக் கூச்சப்படாத பிள்ளைக்கு இதைவிட நல்ல படிப்பு இந்தக் கரையில் இல்லை. ஈ.ஏ.பி.செட். (பழைய எம்செட்) எழுதிய பைபிசி பிள்ளைகள் அந்தக் கவுன்சலிங் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். என்ஜினியரிங் கவுன்சலிங்கோடு சேர்ந்து வராது, தனியாக வரும்.

பி.எஸ்சி., பி.காம். சேர்கிறவர்களை ஊர் கொஞ்சம் தாழ்வாகப் பார்க்கிறது. அது தவறு. ஊரிலேயே அரசு டிகிரி காலேஜ் இருக்கிறது. நெல்லூர் விக்ரம சிம்ஹபுரி, திருப்பதி எஸ்.வி. பல்கலைகள் இருக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கென்றே 1983இல் தொடங்கிய பத்மாவதி மகிளா பல்கலை திருப்பதியில் இருக்கிறது. விடுதியில் விடத் தயங்கும் அம்மாக்கள் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆந்திரத்தில் முன்பெல்லாம் டிகிரி என்றால் மூன்று பாடம் சேர்த்துப் படிப்பது. 2023-24இல் ஒரே முதன்மைப் பாட முறை வந்தது. மூன்று ஆண்டில் பட்டம், நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ், நடுவே இன்டர்ன்ஷிப். நீங்கள் சேரும் கல்லூரியில் இந்த ஆண்டு எந்த முறை, என்ன முதன்மைப் பாடம், இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் செமஸ்டர் எப்படி இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்டரில் விடிய விடிய உட்கார்த்தி வைத்து ஸ்டடி ஹவரில் படிக்க வைத்தார்கள். கல்லூரியில் யாரும் உட்கார்த்தி வைக்க மாட்டார்கள். இன்டரில் 900 வாங்கிய பிள்ளைகூட முதல் இன்டர்னலில் பாதி மதிப்பெண்ணோடு வந்து அழும். தெலுங்கு மீடியத்தில் படித்து வந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் பாடப் புத்தகம் கிறிஸ்துமஸ் வரை கசக்கும். இதெல்லாம் படிப்பு ஒத்துவரவில்லை என்பதற்கு அடையாளம் ஆகாது. இரண்டாம் செமஸ்டர் முடியும்வரை பொறுங்கள். அப்போதும் லேப் என்றாலே வயிறு கலங்குகிறது, பாடத்தில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்றால் வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றோரே, அப்படிச் சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

சென்னைக் கல்லூரிக்கு ரயிலில் போய்வரலாம் என்று திட்டமிடுகிறவர்கள் ஒருநாள் போய்ப் பாருங்கள். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதன் பிறகு பஸ். கவரப்பேட்டை, பொன்னேரி வரை என்றால் தாங்கும். பேசின் பிரிட்ஜ் தாண்டினால் மாலையில் பிள்ளை புத்தகத்தைத் தொடாது. சென்னையில் சேர்கிறவர்கள் மொழிப்பாடமாக எதை எடுக்கலாம் என்றும் கேளுங்கள். தமிழ் பேசத் தெரிந்து எழுதத் தெரியாத பிள்ளைகளுக்கு அங்கே ‘அடிப்படைத் தமிழ்’ என்று ஒரு தாள் உண்டு. அதற்கு ஒப்புக்கொள்ளுங்கள்; நல்ல வாய்ப்பு.

ஒரிஜினல் சான்றிதழ்கள் பற்றிக் கடைசியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகன் ஒரு தனியார் கல்லூரியில் அவசரமாகச் சேர்ந்தான். பதினைந்து நாளில் கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தது. ஒரிஜினல்களைத் திருப்பித் தர மூன்றாண்டுக் கட்டணமும் கேட்டார்கள். அண்ணன் நாலு முறை அலைந்தார். கிடைத்த இடம் கைவிட்டுப் போயிற்று. கல்லூரிகள் ஒரிஜினலை வைத்துக்கொள்ளக் கூடாது, விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. 2018இலேயே அறிவித்துவிட்டது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்க்கச் சொல்லுங்கள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். கவுன்சலிங் முடியும்வரை டி.சி.யை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

வெப் ஆப்ஷன் திறந்ததும் நெட் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். போன ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த ரேங்க் வரை போனது என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒரு தாளில் முதலில் எழுதுங்கள். உங்கள் விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். “இது கிடைக்காது” என்று நீங்களே அடிக்க வேண்டாம். ஐந்தாறோடு நிறுத்தினால் இடமே இல்லாமல் போகலாம். முப்பது, நாற்பது போடுங்கள். ஆனால் கிடைத்தால் சேர மாட்டேன் என்று தோன்றும் எதையும் அதில் சேர்க்காதீர்கள். அந்தத் தாளைப் பிள்ளைதான் எழுத வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பார்க்கட்டும். எழுதி முடித்து ஒரு ராத்திரி கழித்து, காலையில் இன்னொரு முறை பார்த்துவிட்டு சேவ் கொடுங்கள்.