இராகலைக்குப் போன சிறிய புகையிரதம்

கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867ஆம் ஆண்டில். கோப்பியை ஏற்றவே அது போடப்பட்டது. கோப்பி நோயால் அழிந்து, தேயிலை பரவிய காலத்தில் பாதை மேலும் மலையேறி 1885இல் நானுஓயாவை அடைந்தது. அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு கிளைப்பாதை இருந்ததை எமது இளைஞரில் பலர் அறியார். பிற நாடுகளில் இத்தகைய பாதைகள் நிலக்கரிச் சுரங்கங்களைத் தேடிப் போயின. மலையகத்தின் சுரங்கம் தேயிலைதான்.

உடப்புசல்லாவப் பாதை என அழைக்கப்பட்ட இதன் தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம். பிரதான பாதையிலோ 5 அடி 6 அங்குலம். ஆகவே நானுஓயாவில் தேயிலைப் பெட்டிகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்றவேண்டியிருந்தது. அந்தச் சுமையைத் தூக்கியவர்களின் பெயர்களை எந்த வரலாற்று நூலும் எழுதி வைக்கவில்லை. 1903இல் நுவரெலியா வரையும் மறு ஆண்டு இராகலை வரையும் பாதை திறக்கப்பட்டது. தேயிலை இறங்கியது, அரிசியும் உரமும் ஏறின. பின்னர் லொறிகள் போட்டிக்கு வந்தன. 1940களில் பாதை மூடப்பட்டு, தண்டவாளங்கள் கழற்றப்பட்டன.

தடத்தை இன்று எப்படிக் கண்டுபிடிப்பது? மலைச்சரிவைக் கவனியுங்கள். தோட்டத்துக் குறுக்குப் பாதை நேரே ஏறும். புகையிரதம் அப்படி ஏறமாட்டாது. மலையைச் சுற்றி, ஒரே சீராக, மெதுவாக உயரும் ஒரு சமதளக் கீற்று தென்பட்டால் அதனைப் பின்தொடருங்கள். மண்ணை வெட்டிய இடமும், பள்ளத்தை நிரப்பிய அணைக்கட்டும், ஓடைக்கு மேல் கருங்கல் மதகும் அடுத்தடுத்து வருமானால் ஐயம் குறையும். பிறகு நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்துடன் ஒப்பிடுங்கள். முதியோரிடம் கேட்கும்போது "ரயில் ஓடியதா?" என்பதோடு நில்லாமல், "எந்த வளைவுக்கு என்ன பெயர்?" என்றும் கேளுங்கள். வரைபடத்தில் இல்லாதவை அப்போது வெளிவரும்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஏற்றம் குறைந்த தடமே நோயாளியைச் சுமந்து செல்லவும், பிள்ளைகள் பாடசாலைக்கு நடக்கவும் ஏற்ற வழி. ஆனால் அது யாருடைய காணி? 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் முகாமைத்துவம் தனியார் கம்பனிகளிடம் போனது. இடையில் கிடக்கும் தடம் புகையிரதத் திணைக்களத்தின் ஒதுக்குக் காணியா, தோட்டக் காணியா, பிரதேச சபை வீதியா என்பது இடத்துக்கு இடம் வேறுபடலாம். தடத்தின்மேல் மரக்கறி பயிரிடுவோரும் வீடு கட்டியோரும் இருந்தால், முதலில் அவர்களுடன் பேசுங்கள். அளவு நாடாவுடன் திடீரென வந்து நிற்பவரை யார்தான் நம்புவார்?

அவர்களின் சம்மதத்துடன் ஒரு கையெழுத்து வரைபடம் வரைந்து, மதகுகளையும் உடைந்த இடங்களையும் அதில் குறியுங்கள். அதன் ஒரு பிரதியுடன் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகக் காணிப் பிரிவிலும் உரித்து பற்றி எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள்.