திரவங்களின் பாகுநிலையும் அதனை அளக்கும் முறையும்

(தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது)

திரவப் பொருள்கள் யாவும் ஓடும் இயல்புடையன என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் அவை யாவும் ஒரே விதமாக ஓடுவதில்லை. குடத்தைச் சாய்த்த மாத்திரத்தில் நீர் கொட்டிவிடுகிறது. எண்ணெய் சற்றே தயங்கி வருகிறது. தேனோ, நாம் பொறுமையிழக்கும் வரையில் வருவதில்லை. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய வாரத்தில் எங்கள் இல்லத்தில் அதிரசத்திற்கு வெல்லப்பாகு காய்ச்சும்பொழுது, என் அன்னையார் அகப்பையினின்றும் ஒரு துளியை எடுத்துக் கிண்ணத்து நீரில் விட்டு, அது கரையாமல் விரலிடையே உருள்கின்றதா என்று பார்ப்பார்கள். உருண்டால் பதம் வந்துவிட்டது; அடுப்பை உடனே அணைத்தல் வேண்டும். அரை நிமிஷம் தாமதித்தாலும் அதிரசம் கல்லாகிவிடும். வேறு சில பண்டங்களுக்கு விரல்களின் இடையே பாகை இழுத்து, ஒற்றைக் கம்பியா, இரட்டைக் கம்பியா என்று பார்ப்பதும் உண்டு. நம் தாய்மார் விரலாலும் கண்ணாலும் செய்யும் இச்சோதனையையே விஞ்ஞானியர் கருவி கொண்டும் எண் கொண்டும் செய்கின்றனர்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று நேயர்கள் வினவக்கூடும். விடுதியில் என் அறையிலுள்ள நண்பர் பௌதிக மாணவர். என் தமையனார் ஒரகடத்தையடுத்த ஓர் ஆலையில் பணியாற்றுபவர். இவ்விருவரிடமும் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதத் துணிந்தேன்.

1. பெயரும் பொருளும்

திரவம் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கும் குணத்திற்கு நம் நாட்டுப் பாடநூல்கள் பாகுநிலை என்றும் பாகியல் என்றும் பெயரிட்டுள்ளன. இலங்கைத் தமிழர் பிசுக்குமை என்பர். இரண்டும் நல்ல பெயர்களே. ஒன்று அடுக்களையிலிருந்தும், மற்றொன்று கையில் ஒட்டும் உணர்ச்சியிலிருந்தும் பிறந்தன.

இக்குணம் எங்ஙனம் உண்டாகின்றது? ஓர் ஏட்டுச்சுவடியை மேசைமீது வைத்து, கட்டை அவிழ்த்து, மேலேட்டை மட்டும் கையால் மெல்லத் தள்ளுவோம். மேலேடு நகர, அதனை ஒட்டிய அடுத்த ஏடு சற்றுக் குறைவாக நகரும். அதற்கடுத்தது இன்னும் குறைவாக நகரும். அடியேடு நகராது நிற்கும். ஓடும் திரவமும் இவ்வாறே பல படலங்களாக ஒன்றன்மேலொன்று வழுக்கிச் செல்கின்றது. விரைந்து செல்லும் படலத்தை மெல்லச் செல்லும் படலம் பின்னிழுக்கும். அதனை இது முன்னிழுக்கும். இவ்வுட்பகையே பாகுநிலை. படலங்களுக்கிடையே உள்ள வேக வேறுபாடு எவ்வளவோ அவ்வளவுக்குத் தடையும் மிகும் என்ற கருத்தை ஐசக் நியூட்டன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட தம் பெருநூலில் கூறினார். நீர், எண்ணெய், கிளிசரின் முதலியன இவ்விதிக்கு அடங்கி நடப்பன.

பாகுநிலையை அளக்கும் அலகு பாஸ்கல்–விநாடி என்பது. பழைய அலகாகிய பாய்ஸ் அதில் பத்தில் ஒரு பங்கு. அதனை நூறாகப் பகுத்த சென்டிபாய்ஸ் ஆலைகளில் இன்றும் பெருவழக்காயுள்ளது. 20 பாகை வெப்பநிலையில் நீரின் பாகுநிலை ஏறக்குறைய 1 சென்டிபாய்ஸ். அதே வெப்பநிலையில் ஆமணக்கெண்ணெயின் பாகுநிலை சுமார் 986. அஃதாவது நீரைவிட ஆயிரம் மடங்கு.

2. குண்டு விழும் முறை

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் கையாளப்படும் முறை ஸ்டோக்ஸ் என்னும் அயர்லாந்து அறிஞர் 1851ஆம் ஆண்டு வெளியிட்ட விதியைப் பற்றியது. உயரமான கண்ணாடி ஜாடியில் ஆமணக்கெண்ணெயை நிரப்பி, சிறு எஃகுக் குண்டு ஒன்றை நடுவே மெல்ல விடுவர். முதலில் அதன் வேகம் வளர்கிறது. வேகம் வளர எண்ணெயின் தடையும் வளர்கிறது. சிறிது நேரத்தில் எடையும், மிதப்பு விசையும், தடையும் சமனாகிவிட, குண்டு அதன்பின் மாறா வேகத்துடன் இறங்கும். இதற்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். ஜாடியின்மீது இட்ட இரு கோடுகளுக்கிடையே குண்டு செல்லும் நேரத்தை விநாடிக் கடிகாரத்தால் கணித்து வேகத்தைக் காண்பர். குண்டின் ஆரத்தின் வர்க்கம், குண்டுக்கும் எண்ணெய்க்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு, புவியீர்ப்பு முடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதனை இரட்டித்து, வேகத்தின் ஒன்பது மடங்கால் வகுத்தால் பாகுநிலை கிடைக்கும்.

ஆரத்தின் வர்க்கம் வருதலால், ஆரத்தை அளப்பதில் நேரும் பிழை விடையில் இரட்டிக்கும். ஆகவே திருகு அளவியால் குண்டைப் பலமுறை திருப்பித் திருப்பி அளத்தல் வேண்டும். குண்டின்மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருத்தலும், குண்டு சுவரோரமாக விழுதலும் கூடா. மேற்கோடு எண்ணெயின் மேற்பரப்புக்கு மிக அருகில் இருத்தலும் தவறு. அவ்விடத்தில் குண்டு இன்னும் மாறா வேகத்தை அடைந்திராது.

இவை யாவற்றினும் முதன்மையானது வெப்பநிலை. 20 பாகையில் 986 சென்டிபாய்ஸாக உள்ள ஆமணக்கெண்ணெய் 30 பாகையில் சுமார் 451 ஆகவும், 40 பாகையில் சுமார் 231 ஆகவும் குறைகின்றது. பத்துப் பாகை ஏற, ஏறக்குறையப் பாதியாகின்றது என்க. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள எஃகுக் குண்டு 30 சென்டிமீட்டர் இறங்க, 20 பாகையில் சுமார் 20 விநாடியும், 30 பாகையில் சுமார் 9 விநாடியும் ஆகும் என்று கணக்கிட்டறியலாம்.

என் நண்பர் இதனைப் பட்டே அறிந்தார். ஒரு டிசம்பர் மாதத்துக் காலையில் தொடங்கிய சோதனையை அவர் பிற்பகலில் முடித்தார். காலையில் குண்டுகள் மெல்ல இறங்கின. பிற்பகலில் விரைந்து இறங்கின. தாம் கைப்பிழை செய்ததாகக் கருதி, காலையில் எழுதிய எண்களை அழித்துவிட்டு, பாடநூலில் கண்ட விடைக்குப் பொருந்துவனவற்றை மட்டும் வைத்துக்கொள்ள எண்ணினார். ஆசிரியர் வந்து பார்த்து, "வெப்பமானி என்ன காட்டியது?" என்று ஒரே வினா வினவினார். நண்பர் அதனைக் குறித்துக்கொள்ளவேயில்லை. உள்ளபடியே இரு வேளை எண்களும் மெய்யானவை. வெப்பநிலை எழுதப்படாமையால் இரண்டும் பயனற்றுப் போயின. மறுநாள் முழுவதையும் மீண்டும் செய்தார்.

3. குழாய் முறையும் கோப்பை முறையும்

நீர்போன்ற மெல்லிய திரவங்களில் குண்டு மிக விரைந்து விழுந்துவிடுமாதலால் வேறு முறை வேண்டும். ஜெர்மனியில் ஹாகன் என்பார் 1839ஆம் ஆண்டிலும், பிரான்சில் புவாசேய் என்னும் மருத்துவர் அதனையடுத்த ஆண்டுகளிலும் நுண்குழாய்களில் திரவம் ஓடுவதனைத் தனித்தனியே ஆராய்ந்தனர். புவாசேய் இரத்தவோட்டத்தை அறிய விழைந்தே இவ்வாராய்ச்சியில் புகுந்தவர். பாய்ஸ் என்னும் அலகு அவர் பெயரால் வந்தது. அவர்கள் கண்ட உண்மை வியக்கத்தக்கது. ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. ஆரம் பாதியானால், மற்றவை மாறாதிருக்க, ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும். இவ்விதியைக் கொண்டே ஆஸ்ட்வால்டு பாகுமானி என்னும் வளைந்த கண்ணாடிக் குழாய் இயங்குகின்றது. நீரும் சோதிக்கவேண்டிய திரவமும் ஒரே குழாயில் இறங்கும் நேரங்களை ஒப்பிட்டு, அடர்த்தியையும் கணக்கிற் கொண்டு, விடை காண்பர்.

ஆலைகளில் இத்துணை நுட்பத்திற்கு அவகாசம் இராது. அங்கே ஃபோர்டு கோப்பை என்னும் எளிய கருவி உண்டு. அடிப்பாகம் கூம்பாக அமைந்த இவ்வுலோகக் கோப்பையின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும்; நான்காம் எண் கோப்பைக்குத் துளை சுமார் 4 மில்லிமீட்டர். துளையை விரலால் அடைத்து, வண்ணக்கலவையை விளிம்புவரை நிரப்பி, மேலே தட்டையாக வழித்துவிட்டு, விரலை எடுத்தவுடன் கடிகாரத்தை ஓட்டுவர். ஒழுகும் தாரை முதன்முதல் அறும் கணத்தில் கடிகாரத்தை நிறுத்துவர். அவ்விநாடிக் கணக்கே அக்கலவையின் அளவாகும்.

4. ஒரகடத்தில் நிகழ்ந்தது

இராமாநுசர் அவதரித்த தலமாகிய ஸ்ரீபெரும்புதூர் இன்று ஆலைகளாலும் பெயர் பெற்றுள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு செயின்ட்–கோபைன் கண்ணாடி ஆலை எழுந்தது. ஒரகடத்தில் 2010ஆம் ஆண்டு ரெனோ–நிசான் ஆலையும், பின்னர் டைம்லர் லாரி ஆலையும், 2013ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலையும் அமைந்தன. இவற்றைச் சூழ உதிரிபாகங்கள் செய்யும் சிற்றாலைகள் பல. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகச் செல்லும் பேருந்தில் விடியற்காலையில் ஏறினால், சீருடை அணிந்த இளைஞர் கூட்டத்தை நேயர்கள் காணலாம். அவருள் ஒருவர் என் தமையனார்.

அவர் உதிரிபாகங்களுக்கு வண்ணம் பூசும் ஓர் ஆலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ஒவ்வொரு முறைப்பணியின் தொடக்கத்திலும் கலவையின் மாதிரியை எடுத்து, குறித்த வெப்பநிலைக்குக் கொணர்ந்து, கோப்பையில் அளந்து, பேரேட்டில் எழுதுவது அவர் கடமை. 20 முதல் 22 விநாடிக்குள் வரவேண்டும். மிகுந்தால் தின்னர் சேர்த்தல் வேண்டும்.

ஒருநாட் காலை 25 விநாடி வந்தது. விதிப்படி தின்னர் சேர்க்கச் சொன்னார். 21 விநாடி வந்ததும் பேரேட்டில் எழுதிக் கையொப்பமிட்டார். பூச்சு நடந்தது. சூளையினின்றும் வெளிவந்த பாகங்களில் வண்ணம் கண்ணீர்த் தாரைபோல் வழிந்து உறைந்திருந்தது. கலவை மிகவும் இளகிவிட்டது என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. குற்றம் யாருடையது? பேரேட்டில் அளவு சரியாக உள்ளது. ஆகவே தின்னரை ஊற்றிய முதிய தொழிலாளர் அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார் என்று யாவரும் கூறலாயினர். அவர் தலைகுனிந்து நின்றார்.

தமையனார் கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துளையின் உட்புறம் முழுவதும் காய்ந்த வண்ணம் மெல்லிய வளையமாகப் படிந்திருந்தது. முந்திய மாலை ஆலைப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் கோப்பையைச் சரிவரக் கழுவாமல் வைத்தவர் அவரே. 4 மில்லிமீட்டர் துளையின் உட்சுவரில் 0.1 மில்லிமீட்டர் படிந்தாலும் ஆரம் நூற்றுக்கு ஐந்து குறைகின்றது. நீண்ட நுண்குழாயாக இருப்பின், நான்காம் மடி விதியால், நேரம் ஏறக்குறைய 23 சதவீதம் மிகும். கோப்பையின் துளை குறுகியதாதலால் அவ்வளவு மிகாதெனினும், நல்ல கலவையைக் கெட்டியானதென்று காட்ட அது போதும். 21 விநாடியில் ஒழுகவேண்டியது 25 விநாடியில் ஒழுகிற்று; தேவையற்ற தின்னர் சேர்ந்தது; வண்ணம் வழிந்தது.

அதுவரையில் இதனை அறிந்தவர் அவர் ஒருவரே. கோப்பையைத் துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் சான்று ஏதும் எஞ்சியிராது. அவருக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் கல்லூரிக் கட்டணமும் அச்சம்பளத்திலிருந்தே வருவது. ஆயினும் அவர் கோப்பையைத் துடைக்காமல் அப்படியே மேலதிகாரியிடம் கொண்டுசென்று காட்டி, நடந்ததைக் கூறிவிட்டார். அவருக்கு எழுத்து மூலமாகக் கண்டனம் வந்தது. பயிற்சிக்காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்பட்டது. பாகங்கள் தேய்க்கப்பட்டு மறுபடி பூசப்பட்டன. முதியவர்மீது இருந்த பழி நீங்கிற்று. அதுமுதல், பாகுநிலை முன்னரே அறியப்பட்ட எண்ணெய் ஒன்றை வாரந்தோறும் அக்கோப்பையில் ஊற்றி, கோப்பையையே சோதிக்கும் வழக்கம் அங்கே ஏற்பட்டது. "ஏன் அண்ணா சொன்னீர்கள்?" என்று நான் கேட்டதற்கு, "தம்பி, அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தபின் எனக்கு வேறு வழி தோன்றவில்லை" என்றார்.

5. பிற பயன்கள்

பாகுநிலையின் ஆட்சி வண்ணத்தோடு நின்றுவிடுவதில்லை. மோட்டார் எண்ணெய்க் குப்பியின்மேல் 15டபிள்யூ–40 என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். முன்னெண் குளிர்காலத்தில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாயிருக்கும் என்பதையும், பின்னெண் 100 பாகை வெப்பத்தில் எவ்வளவு கெட்டியாயிருக்கும் என்பதையும் குறிக்கும். சுவருக்குப் பூசும் வண்ணமோ நியூட்டன் விதிக்கு அடங்காதது. தூரிகை இழுக்கும்பொழுது இளகும்; இழுப்பது நின்றதும் மீண்டும் கெட்டிப்பட்டுச் சுவரில் நிற்கும். அத்தகைய வண்ணத்தைக் கோப்பையில் அளந்து பயனில்லை. சுழலும் துடுப்புடைய பாகுமானியால் அளப்பர்.

கண்ணாடித் தகடு செய்தலும் பாகுநிலையைப் பொறுத்ததே. இங்கிலாந்தில் பில்கிங்டன் நிறுவனத்தார் 1959ஆம் ஆண்டு அறிவித்த முறைப்படி, உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிடுவர். சுமார் 1100 பாகையில் பாகுபோல் பரவும் கண்ணாடி, சுமார் 600 பாகைக்குக் குளிர்ந்து வெளிவரும்பொழுது உருளைகளின்மேல் செல்லத்தக்க உறுதியைப் பெற்றுவிடுகின்றது.

ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927ஆம் ஆண்டு ஒரு புனலில் வைக்கப்பட்ட கீல், சுத்தியலால் அடித்தால் சிதறும் தன்மையதாயினும், 2014ஆம் ஆண்டு வரையில் ஒன்பது துளிகளே விழுந்துள்ளது. காலம் போதிய அளவு இருப்பின் திண்மையெனத் தோன்றுவதும் ஓடும் என்பது இதனால் விளங்கும். இதனை எண்ணியே மார்க்கஸ் ரீனர் என்னும் அறிஞர் 1964ஆம் ஆண்டு ஓர் எண்ணுக்குத் தெபொராள் எண் என்று பெயரிட்டார். நியாயாதிபதிகள் ஆகமத்தில் வரும் தெபொராளின் பாட்டில் மலைகள் கர்த்தருக்கு முன்பாக உருகியோடியதாகச் சொல்லப்படுவதே அதற்குக் காரணம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், பாகுநிலையை அளத்தல் பெரிய இயந்திரங்களால் மட்டும் ஆகும் செயலன்று என்பது போதரும். ஒரு ஜாடி, ஒரு குண்டு, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி இருந்தால் முதலாண்டு மாணவரும் செய்யலாம். ஆனால் வெப்பநிலையைக் குறித்தலும், கருவியைக் கழுவுதலும், பொருந்தாத எண்ணையும் அழியாமல் வைத்தலும் அளப்பவரின் கடன். பேரேட்டில் எழுதும் ஓர் எண்ணின் பின்னே மற்றொருவரின் பிழைப்பும் நற்பெயரும் இருத்தல் கூடும். ஆய்வுக்கூடத்தில் பயிலும் நண்பர்களும், நாளை அவ்வாலைகளுக்குப் பணிக்குச் செல்லவிருக்கும் சகோதரர்களும் இதனை மனத்திற் கொள்வார்களாக.