துலும்: ஒரே கல்லில் ஒரு நாள் டூர்

மெக்சிகோவில், யுகாத்தான் தீபகற்பத்தின் கடலோரத்தில் துலும்னு ஒரு ஊர். அங்கே ஒரு நாள் டூர் ரொம்ப பிரபலம்: மாயா நகரத்து இடிபாடுகள், பவளப்பாறையில் ஸ்நோர்கெலிங், கடைசியில் சினோட்டே எனும் இயற்கைக் குளத்தில் குளியல். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். பவளங்கள் அதை வைத்துப் பாறை கட்டுகின்றன. பழைய கடலடிப் படிவுதான் இந்தச் சுண்ணாம்புக்கல் நிலம். மாயாக்கள் மதில் எழுப்பியதும் அதே கல்லில்தான்.

சினோட்டேதான் செம இன்ட்ரஸ்டிங். மழைநீர் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்து லேசான அமிலமாகி, கல்லை அரிக்கும். குகை உருவாகும். அதன் கூரை இடிந்தால் சினோட்டே. தண்ணிக்கு அடியில் கல் விழுதுகள் தொங்குவதைப் பார்ப்பீங்க. நீர் சொட்டிச் சொட்டி, காற்றில் மட்டுமே அவை வளரும். அப்போ அந்தக் குகை ஒரு காலத்தில் காய்ந்து கிடந்திருக்கணும் இல்லையா? ஆமாம், பனியுகத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது.

வட யுகாத்தானில் தரைமேல் ஆறு கிட்டத்தட்ட கிடையாது; ஓட்டமெல்லாம் நிலத்தடியில். சாக் அக்துன் குகை அமைப்பு மட்டுமே 2018 கணக்குப்படி சுமார் 347 கிலோமீட்டர். அகலமான குகைகள் என்பதால் தண்ணீர் வடிகட்டப்படாமலே ஓடும். நீங்க சினோட்டேயில் கழுவிவிடும் சன்ஸ்கிரீன், காலையில் நீந்திய பவளப்பாறைப் பக்கமே போய்ச் சேரலாம். ஊர் மக்கள் நம்பியிருப்பதும் இதே நிலத்தடி நீரைத்தான். கைடு "குளிச்சிட்டு இறங்குங்க"ன்னு சொன்னா முகம் சுளிக்காதீங்க. முழுக்கை நீச்சல் சட்டை போட்டுட்டா சன்ஸ்கிரீனே பெருசா தேவைப்படாது.