மலை மறித்த மழை

கேள்வி: ஆனி, ஆடியில் மேற்கே மலைமேல் மேகம் திரண்டு நிற்கிறது. கோவில்பட்டிப் பக்கம் மட்டும் வெறுங்காற்று அடிப்பது ஏன்?
- வாசகர், கழுகுமலை

பதில்: அந்தக் காற்றே தென்மேற்குப் பருவக்காற்றுதான். அரபிக்கடலின் ஈரத்தோடு வந்து கேரளச் சரிவில் மோதி மேலேறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டிக் கீழிறங்கும்போது சூடேறி உலர்ந்துபோகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் சாரல் குற்றாலத்தையும் தென்காசியையும் நனைக்கும். கோவில்பட்டிவரை அந்த ஈரம் எட்டுவதில்லை.

கரிசலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அந்த ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும் மண் என்பதால்தான் மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் கம்பும் விளைகின்றன.

ஆஸ்திரேலியாவின் பெரும் பிரிப்பு மலைத்தொடரிலும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. சுமார் 3,500 கி.மீ. நீளும் அந்தத் தொடர் கிழக்குக் கரையை நனைத்து, மேற்கை வறளவிடுகிறது. 1949இல் தொடங்கிய ஸ்னோயி மவுண்டன்ஸ் திட்டம் மலைநீரைச் சுரங்கங்கள் வழியே மேற்கே திருப்பியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1895இல், பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை அரபிக்கடலுக்கு ஓடிய நீரைச் சுரங்கம் வழியே கிழக்கே வைகைக்குக் கொண்டுவந்துவிட்டது. எவ்வளவு பெரிய சாதனை!

அந்த நீர் கோவில்பட்டிக்கு வராது. இங்கே கண்மாயும் ஊருணியும்தான் துணை. அவற்றைத் தூர்வாராமல் விடுவது பெரும் பிழை.